கோழி நெஞ்சுக்குள் ஒரு கயிறு

என் மகள் ஏழு மாதம் கோழி சாப்பிடவில்லை. அதற்கு முன்னால் எந்த நாள் கேட்டாலும் கோழிதான் வேண்டும் என்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு எல்லாம் போயிற்று. அன்றைக்கு என் சமையல். அரைக் கிலோ போன்லெஸ் வாங்கி, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டுப் பள்ளிபாளையம் சிக்கன் செய்திருந்தேன். கோயமுத்தூர்க்காரனுக்கு அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மசாலா அரைக்க வேண்டாம். மிளகாயின் விதையைத் தட்டிவிட்டு நிதானமாக வதக்கினால் போதும். துண்டுகளை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, நீளவாக்கில் வெட்டிவிட்டேன். ஒரு துண்டை வாயில் போட்டவள் மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். அப்புறம் இரண்டு விரலை உள்ளே விட்டு எதையோ பிடித்து இழுத்தாள். என் சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளையாக, தட்டையாக, வழுவழுவென்று ஒன்று வந்தது. ஒரு முனையில் மட்டும் கொஞ்சம் கறி ஒட்டியிருந்தது. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "அப்பா, புழு" என்றாள்.

புழு இல்லை என்று நிரூபிப்பது எளிது. நான்தான் அவசரப்பட்டு, "அது நரம்பு கண்ணு, ஒண்ணும் பண்ணாது, துப்பிட்டுச் சாப்பிடு" என்றேன். மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளையிடம் சொல்லக்கூடாத சொல் அது. நரம்பு மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் என்று அந்த வாரம்தான் எங்கேயோ கேட்டிருக்கிறாள். "நரம்புன்னா வலிக்குறது தெரியுமில்லப்பா? நான் கடிச்சப்ப அதுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றையிலிருந்து வீட்டில் கோழி எடுத்தால் அவளுக்கு முட்டை.

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. அவள் கோபம் பேத்தி மேல் இல்லை, என் மேல். "கோழின்னா நரம்பு இருக்காதா சாமி? நாங்கெல்லாம் கோழி திங்காமயா வளந்தோம்? ஒருத்தராச்சும் இப்பிடிச் சொல்லிக் கேட்டிருக்கியா? நீ அதப் பெரிசு பண்ணித்தான் புள்ள இப்பிடி ஆகிப்போச்சு" என்றாள். நான் பெரிது பண்ணவில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. உண்மையிலேயே நான் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. நாற்பது வருடமாகக் கோழி தின்கிறேன். எலும்பு குத்தியிருக்கிறது, பல்லில் நார் மாட்டியிருக்கிறது. இப்படி ஒரு கயிற்றை வாயிலிருந்து உருவியதாக நினைவே இல்லை. அந்தக் கோழிகளுக்கு நெஞ்சு இல்லையா என்ன?

யோசித்துப் பார்த்தால் விடை வெட்டுகிற கட்டையில் இருந்தது. நம் கடைகளில் கோழி வெட்டுகிற விதமே வேறு. புளியமரக் கட்டை மேல் முழுக்கோழியை வைத்துக் கத்தியைக் குறுக்கே போட்டுக்கொண்டே போவார்கள். எலும்பு, சதை, சவ்வு எதுவும் கணக்கில்லை. ஒரு கோழி முப்பது துண்டாகும். நெஞ்சுக்குள் நீளமாக ஓடுகிற அந்தக் கயிறும், அதாவது தசையை எலும்போடு கட்டுகிற நாணும், குறுக்கே ஐந்தாறு இடத்தில் அறுபட்டு, அரிசி நீளத்துக்கு ஆகிவிடும். அப்புறம் அது இருப்பதே தெரியாது. ஒன்றிரண்டு பெரிய துணுக்கு தப்பித்தாலும் கை கண்டுபிடித்துவிடும். குழம்புக் கறியை நாம் விரலால் பிய்த்துத்தானே சாப்பிடுகிறோம். சோற்றோடு பிசைகிறபோதே எலும்புச் சிலும்பு, சவ்வு, மிளகாய்க் காம்பு எல்லாம் இலையின் ஓரத்துக்குப் போய்விடும். வாய்க்கு முன்னால் விரலில் ஒரு சல்லடை இருந்தது.

போன்லெஸ் வந்த பிறகு அந்தச் சல்லடைக்கு வேலை இல்லாமல் போனது. பார்க்காமல் தின்னலாம் என்று வாக்குக் கொடுத்து விற்கிற கறி அது. கிலோவுக்கு அதிகமாகக் காசு வாங்குவதும் அந்த வாக்குக்குத்தான். அந்த நம்பிக்கையில் கரண்டியால் எடுத்து நேரே வாயில் போடுகிறோம். அதனால் ஒரே ஒரு நாண் வந்தாலும் மோசம்போன மாதிரி இருக்கிறது. எலும்போடு இருக்கிற கறியில் இது கிடைத்திருந்தால் என் மகள் எலும்போடு சேர்த்து ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டிருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நெஞ்சுக்கறியை முழுசாகச் சமைக்கிற ஊர்களில் இதை முன்பே கவனித்திருக்கிறார்கள். கோழி நெஞ்சில் இரண்டு தசைகள் உண்டு. மேலே பெரியது, அதன் அடியில் எலும்பை ஒட்டி விரல் தடிமனில் சின்னது. பெரிய தசையைத் தூக்கினால் சின்னது தானாகவே பிரிந்து வரும். நாண் இருப்பது இந்தச் சின்னத் தசைக்குள். ஜப்பானியர்கள் இதற்கு ‘ஸஸாமி’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள், மூங்கில் இனத்துச் சிறு செடி ஒன்றின் இலையைப் போல இருப்பதால். அங்கே ஸஸாமி வாங்கினால் முதல் வேலை நாணை உருவுவதுதான். நாம் வெங்காயத்துக்குத் தோல் உரிப்பது போல.

ஆட்டுக்கால் வழக்கு

அம்மா இரண்டாவது வாதம் ஒன்று வைத்திருந்தாள். அது முதல் வாதத்தைவிடப் பலமானது. "ஆட்டுக்கால் வாங்கியாந்தா அதுல இருக்கிற நரம்பத்தான உறிஞ்சி உறிஞ்சித் திங்கறீங்க. அப்ப மட்டும் இனிக்குதா?"

பதில் சொல்ல முடியவில்லை. பாயாவில் நமக்குப் பிடித்ததே அதுதான். ஆட்டுக்காலில் கறி ஏது? தோலும் நாணும் எலும்பும்தான். விரலில் பிசின் மாதிரி ஒட்டுகிறதே, அந்த ருசிக்காகத்தான் விடியற்காலையில் ஆப்பத்தோடு போய் உட்காருகிறோம். கோழி நெஞ்சில் இருக்கிற வெள்ளைக் கயிறும் அதே பொருள்தான், கொலாஜன் என்கிற புரதம். பிறகு ஏன் ஒன்று உறிஞ்சப்படுகிறது, இன்னொன்று துப்பப்படுகிறது?

நேரம்தான் காரணம். கொலாஜன் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கரையாது, முதலில் சுருங்கும். முறுக்கிய கயிறு போல இறுகி, தன்னைச் சுற்றியிருக்கிற கறியையும் சேர்த்து இழுக்கும். வாணலியில் போட்ட நீளத் துண்டு திடீரென்று வில்லாக வளைகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. அந்த இறுக்கம் தளர்ந்து, விரலில் ஒட்டுகிற அந்தப் பிசினாக, அதாவது ஜெலட்டினாகக் கரைய ஈரமான சூட்டில் மணிக்கணக்கில் கிடக்க வேண்டும். ஆட்டுக்கால் அப்படிக் கிடக்கிறது. நெஞ்சுக்கறியால் முடியாது. அதில் கொழுப்பு மிகக் குறைவு, நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் வெந்தாயிற்று. அதற்கு மேல் போகப் போகத் தண்ணீர் வெளியேறித் தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். கறி பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, அதற்குள் இருக்கிற கயிற்றுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். ஒரே அடுப்பில் இரண்டையும் திருப்திப்படுத்த வழி இல்லை. ஒன்று அதை வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டன் காலத்து முறைப்படி குறுக்கே நறுக்கித் தள்ள வேண்டும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். டிகிரிக் கணக்கெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை. "அதச் சொல்லு, வேகறதுக்கு நேரம் பத்தல" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாள். இன்னொன்றையும் அன்றைக்குத்தான் சொன்னாள். பல்செட் வைத்ததிலிருந்து போன்லெஸ் துண்டை அவளும் பயந்து பயந்துதான் மெல்கிறாளாம். சாப்பிடும்போது நடுவில் எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போவாளே, அது எதற்கென்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

எல்லாமே நரம்பு

மகளிடம் நான் தவறான சொல்லைச் சொன்னது ஒரு பக்கம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் நான் மட்டுமா சொல்கிறேன்? தமிழில் உடம்புக்குள் நூல் மாதிரி எது இருந்தாலும் அது நரம்புதான். ஆஸ்பத்திரியில் ‘நரம்புல ஊசி’ என்றால் ரத்தக்குழாயில் போடுவது. கை மெலிந்தவரைப் பார்த்து நரம்பெல்லாம் தெரிகிறது என்கிறோம், அதுவும் ரத்தக்குழாய். இலைக்கு நரம்பு உண்டு, பாடப்புத்தகத்திலேயே. கறிக்கடையில் நரம்பு என்றால் நாண், சவ்வு, குருத்தெலும்பின் ஓரம் எல்லாம் அடக்கம். சுவரில் எழுதியிருக்கிற நரம்புத் தளர்ச்சி எதைக் குறிக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சங்கப் பாட்டுக்குப் போனால் யாழில் கட்டியிருக்கிற தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர்.

இதில் நமக்கு மட்டும் வெட்கம் வேண்டியதில்லை. கிரேக்கத்தில் ‘நியூரான்’ என்ற சொல்லுக்கு ஆதியில் நாண், வில்லின் கயிறு என்றுதான் பொருள். அறுத்துப் பார்த்தவர்களுக்கு இரண்டும் வெள்ளைக் கயிறாகத் தெரிந்திருக்கின்றன. மூளையோடு சம்பந்தப்பட்டது எது, தசையை எலும்போடு கட்டுவது எது என்று பிரித்துப் பார்த்தது பின்னால்தான். நம் பாடப்புத்தகம் இப்போது தசையை எலும்போடு கட்டுவதற்குத் தசைநாண் என்று எழுதுகிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த காலத்தில் அது வெறும் சொல். வில்லில் கட்டுகிற நாண் என்று பிரித்துப் படிக்க எனக்கு இத்தனை வயதாயிற்று.

உருவப் போய்க் கிழித்தது

சரி, எடுத்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். முள்கரண்டி வைத்து ஒரே இழுப்பில் உருவுகிற வீடியோக்கள் நிறையக் கிடைக்கின்றன. பார்த்தால் சாதாரணமாகத்தான் இருந்தது. சின்னத் தசையின் தடித்த முனையில் வெள்ளையாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதை முள்கரண்டியின் நடு இடுக்கில் நுழைத்து, ஒரு கையால் நாக்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் முள்கரண்டியைக் கறியை நோக்கித் தள்ள வேண்டும். கயிறு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம்.

முதல் நாள் எனக்கு வந்தது கயிறு பாதி, கறிக்கூழ் பாதி. நாக்கு விரலில் நிற்கவே இல்லை. விளக்கெண்ணெய் தடவிய மாதிரி வழுக்கியது. நகத்தால் கிள்ளிப் பிடித்தால் நுனி பிய்ந்துவிட்டது. நுனி போனால் பிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது, அப்புறம் கத்தியால் தோண்ட வேண்டியதுதான். நான்கில் ஒன்றுதான் உருப்படியாக வந்தது. அம்மா ஹாலில் இருந்தபடியே, "ஆப்பரேசன் முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். கறி குளிர்ந்து இருக்க வேண்டும். மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவி வெளியே வைத்த கறி தளர்ந்து கிடக்கும், இழுத்தால் கறியும் கூடவே வரும். அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் கொஞ்சம் விறைத்து நிற்கும். நாக்கைப் பிடிக்க வெறும் விரல் ஆகாது. காய்ந்த துணியோ டிஷ்யூ பேப்பரோ சுற்றிக்கொள்ள வேண்டும், துணி இல்லாவிட்டால் விரலில் கல் உப்பைத் தொட்டுக்கொண்டாலும் பிடி கிடைக்கும். முக்கியமானது, கயிற்றை இழுக்கவே கூடாது. கயிறு இருந்த இடத்திலேயே இருக்க, முள்கரண்டிதான் பலகையோடு பலகையாக அழுந்திப் போக வேண்டும். இழுத்தால் அறும், தள்ளினால் கழலும். இப்போது ஒன்றுக்கு ஐந்து விநாடி ஆகிறது. ஒரு நாள் ஆர்வத்தில் தராசில் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ நெஞ்சுக்கறியில் உருவிய மொத்தமும் 6 கிராம். ஏழு மாதப் பகை அந்த ஆறு கிராமுக்கு.

நெஞ்சுக்கறியில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் இது என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய தசையின் மேல்பரப்பில் கோடு கோடாகத் தெரிவது கொழுப்பு. மேலே மெல்லிய தாளாக ஒட்டியிருப்பது சவ்வு, விரலால் உரித்தால் வந்துவிடும். பெரிய தசை தோளைத் தொடுகிற கூர்முனையிலும் ஒரு வெள்ளைக் கட்டி இருக்கும், அதைக் கத்தியால் ஒரு வெட்டு வெட்டிவிடலாம்.

இவ்வளவு கற்றும் மகள் அசையவில்லை. "எடுத்தாச்சு கண்ணு, பாரு" என்று தட்டில் வைத்துக் காட்டினால் இன்னும் மோசம். எடுத்தது தட்டில் சுருண்டு கிடந்தது, நிஜமாகவே புழு மாதிரி.

இறக்கை

கடைக்காரப் பாயிடம் பத்து வருடமாகக் கறி வாங்குகிறேன். பேச்சு குறைவு, கை வேகம். அன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லை. "பாய், போன்லெஸ் வேண்டாம், உள்ளே இருக்குமே அந்தச் சின்னப் பீஸ், அதை மட்டும் தனியா எடுத்துக் குடுங்க" என்றேன். உரித்த கோழியைக் கட்டையில் மல்லாக்கப் போட்டார். நெஞ்செலும்பின் ஓரமாகக் கத்தியை விட்டு மேல் தசையைத் திறந்தார். உள்ளே சின்னத் தசை பளபளவென்று படுத்திருந்தது. அதன் வால் பக்கத்தை விரலால் கழற்றி, பிடித்து, தன் பக்கமாக இழுத்தார்.

கோழியின் இறக்கை எழுந்தது.

நான் ஒரு அடி பின்னால் போய்விட்டேன். தலை இல்லாத, தோல் இல்லாத கோழி; பத்து நிமிடத்துக்கு முன்னால் அறுத்தது. அவர் கீழே இழுக்க இழுக்க இறக்கை மேலே போனது, விட்டதும் விழுந்தது. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பார். "பாய், மறுபடி ஒருக்கா இழுங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இழுத்தார். மறுபடி எழுந்தது. "சின்னப் பிள்ளைல கடையில நாங்க இதை வச்சுத்தான் சார் விளையாடுவோம், அத்தா அடிப்பாரு" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "அந்தப் பக்கத்தை வெட்டாதீங்க, அப்படியே முழுசாக் கட்டிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வண்டியை விரட்டினேன்.

சமையல் மேடையில் பழைய செய்தித்தாளை விரித்துக் கோழியைப் போட்டு, மகளைக் கூப்பிட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவருகிலேயே நின்றாள். அம்மாவும் எட்டிப் பார்த்தாள். கடைக்காரர் தொடாமல் விட்ட பக்கத்து மேல் தசையை அறுத்துத் திறந்து, சின்னத் தசையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். இறக்கை எழுந்தது. மகளின் கை மூக்கிலிருந்து இறங்கிவிட்டது. "நீ தொடலயே அதை?" என்றாள். தொடவில்லை. இரண்டு கையும் நெஞ்சில்தான் இருக்கின்றன. "எப்படி? கீழ இழுத்தா கீழதான வரணும்?"

அதேதான் எனக்கும் புரியவில்லை. வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். நெஞ்சு இறக்கைக்குக் கீழே இருக்கிறது. கீழே இருக்கிற தசை சுருங்கினால் இறக்கையைக் கீழேதான் இழுக்க வேண்டும். பெரிய தசை அதைத்தான் செய்கிறது. அதற்கும் அடியில் இருக்கிற சின்னது எப்படி மேலே தூக்கும்? தோள் பக்கம் சதையை ஒதுக்கி நாணைத் தொடர்ந்து போனேன். அது தசையை விட்டு வெளியே வந்து, எலும்புகள் கூடுகிற ஒரு துளைக்குள் நுழைந்து, மறுபக்கம் வளைந்து வந்து இறக்கை எலும்பின் மேல்பக்கத்தில் போய் ஒட்டியிருந்தது. மூன்று எலும்புகள் சேர்ந்து அந்தத் துளையைக் கட்டுகின்றன. அவற்றில் ஒன்று, கோழிக் குழம்பில் கவட்டை மாதிரி வருமே, அந்த எலும்பு.

நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். "ஏஞ்சாமி, இது கவலைக் கயிறாட்டவே இருக்குதே" என்றாள்.

கவலை என்றால் மனக்கவலை இல்லை. மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதற்குக் கொங்குப் பக்கம் கவலை என்று பெயர். பம்பு செட் வருவதற்கு முன்னால் எங்கள் காடுகளெல்லாம் அதில்தான் விளைந்தன. கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவு இறங்கும், அது வாரி. மாடுகள் வாரியில் கீழே இறங்க இறங்க, வடம் கிணற்றின் மேல் இருக்கிற உருளையில் ஓடி, சால் என்கிற பெரிய வாளி நிறையத் தண்ணீரோடு மேலே ஏறும். மாடு போவது கீழே, தண்ணீர் வருவது மேலே. நடுவில் இருப்பது உருளை. அம்மா பத்து வயதில் வாரியில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து போய், ஏறும்போது மாட்டோடு நடந்து வந்தவள். நான் கவலையைப் பார்த்ததே இல்லை, இடிந்த வாரியைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பேத்திக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். "இந்தத் தசை இருக்குதே, இது மாடு. இந்த வெள்ளைக் கயிறு வடம். இந்த ஓட்டை உருளை. றெக்கைதான் சாலு. இப்ப மாட்ட ஓட்டு பாக்கலாம்." மகள் விரலை நீட்டினாள். முதலில் ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள், அப்புறம் பிடித்தாள், அப்புறம் இழுத்தாள். இறக்கை எழுந்தது. அடுத்த கால் மணி நேரம் அந்தக் கோழியை எங்களால் அவளிடமிருந்து வாங்க முடியவில்லை.

புறாக்களில் இந்த நாணை வெட்டிவிட்டுச் சோதித்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். வெட்டிய பிறகும் காற்றில் இருந்தால் பறக்க முடிந்திருக்கிறது. சமதரையிலிருந்து எழும்பத்தான் முடியவில்லை. அதை மகளிடம் நான் சொல்லவில்லை.

கடைக்காரர் சொன்ன வேறொன்றையும் அவளிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் போனபோது, சின்னத் தசையைத் தேடிக் கேட்கிற ஆள் என்பதால், ஒன்றை எடுத்துக் காட்டினார். மேல்தசை நன்றாகத்தான் இருந்தது. திறந்தால் உள்ளே இருந்தது பாசி மாதிரிப் பச்சை. "எப்பவாச்சும் இப்படி வரும் சார், பெரிய கோழியில. தூக்கிப் போட்டுருவோம்" என்றார். மருந்து வைத்த கோழியோ என்று பயந்து தேடிப் படித்தேன். கிருமியும் இல்லை, மருந்தும் இல்லை. பச்சைத் தசை நோய் என்றே பெயர். முதலில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வான்கோழிகளில் கண்டதால் ஓரிகன் நோய் என்றும் சொல்கிறார்கள். சின்னத் தசை ஒரு பக்கம் நெஞ்செலும்பு, மறுபக்கம் இறுக்கமான சவ்வு என்று உறைக்குள் போட்ட மாதிரி இருக்கிறது. வேலை செய்கிற தசைக்கு ரத்தம் பாய்ந்து அது உப்ப வேண்டும். கறிக்கோழியில் நெஞ்சு பெருத்துப் பெருத்து அந்த உறைக்குள் உப்ப இடமே இல்லாமல் போய்விட்டது. எதற்காவது மிரண்டு கோழி படபடவென்று இறக்கை அடித்தால் உள்ளே தசை வீங்கி, தன் ரத்த ஓட்டத்தைத் தானே நெரித்து, செத்துப்போகிறது. முதலில் சிவந்து, நாளாக நாளாகப் பச்சையாகிறது.

பல்லடம் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. கறிக்கோழிக்குத் தினசரி விலை அறிவிக்கிற ஒருங்கிணைப்புக் குழு அங்கேதான் இருக்கிறது. சாலையின் இரண்டு பக்கமும் நீள நீளமான கொட்டகைகள். 35 நாளிலிருந்து 42 நாளுக்குள் 2 கிலோவைத் தாண்டிவிடுகிற கோழிகள். அந்த வழியாகப் போகும்போது இப்போதெல்லாம் கோழிகள் இறக்கை அடிக்கின்றனவா என்று பார்க்கிறேன். வண்டியில் போகிற வேகத்தில் வெள்ளையாகத் தரை தெரிகிறது, அவ்வளவுதான். அம்மா வளர்த்த நாட்டுக்கோழிகள் பொழுது சாய்ந்தால் முருங்கை மரத்தில் ஏறி அடைந்துவிடும். ஒரே எவ்வு, அப்புறம் நாலு அடி அடித்தால் கிளை. அந்தக் கோழிகளின் நாணைக் கடித்திருந்தால் பல் போயிருக்கும் என்கிறாள் அம்மா.

மகள் கோழி சாப்பிட ஆரம்பித்தது அந்தக் கவலைப் பாடம் நடந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. நான் கேட்கவில்லை, அவளாகவே வந்து ஸ்டூல் மேல் ஏறி நின்று, "நான் எடுக்கறேன்" என்று முள்கரண்டியை வாங்கிக்கொண்டாள். டிஷ்யூவைச் சுற்றிப் பிடித்து, நாக்கை முனையிலிருந்து பார்த்துப் பார்த்து நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளினாள். என்னைவிடப் பொறுமை அதிகம். கறியே ஒட்டாமல் சுத்தமாக வருகிறது. எடுத்ததை ஒரு கிண்ணத்தில் வரிசையாக வைக்கிறாள். அம்மா அதை வீணாக்க மாட்டாள். எலும்போடு சேர்த்துச் சாறு வைக்கிற குக்கரில் போட்டுவிடுகிறாள். அங்கே அதற்கு வேகிற நேரம் கிடைக்கிறது. இன்னும் வீட்டில் எல்லோரும் அதை நரம்பு என்றுதான் சொல்கிறோம். மகள் மட்டும் வடம் என்கிறாள்.

போன வாரம் கடைக்காரர் பெருமையாக ஒரு பொட்டலம் கொடுத்தார். ஹோட்டலுக்குக் கேட்கிறார்கள் என்று சின்னதாகக் குறடு ஒன்று வாங்கியிருக்கிறாராம். எல்லாப் பீஸிலும் நாணை உருவி, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். "இனிமே உங்களுக்கு வேலையே இல்லை சார்" என்றார். வீட்டில் பிரித்ததும் மகள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஸ்டூலைவிட்டு இறங்கிப் போனாள். அடுத்த வாரத்திலிருந்து உருவாமல் கொடுக்கும்படி பாயிடம் போனில் சொல்லிவிட்டேன்.